நான் சிரிக்காத நாலு நொடி

மக்கா,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அருமனையில் நம் வீட்டு வாசலில் நின்றால் ஒரு கோடு, மொட்டைமாடியில் நின்றால் இரண்டு கோடு என்று சிக்னல் கண்ணாமூச்சி ஆடுவது உனக்குத் தெரியாததா? சொல்ல வந்தது பாதியில் அறுந்துபோகும். மீதியை நீயே நினைத்துக்கொள்வாய். இந்த விஷயத்தில் நீயாக எதையும் நினைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான், ஸ்டுடியோவில் மிச்சம் கிடந்த ஒரு நோட்டை எடுத்து வைத்து உட்கார்ந்து எழுதுகிறேன். கூரியரில் போட்டால் மூன்றாம் நாள் பெங்களூரில் கிடைத்துவிடுமாம். வெள்ளிக்கிழமை உன் கூட்டத்துக்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். படித்துவிட்டு, அந்தக் கூட்டத்தில் எழுந்து "இதை இப்படியே வெளியே விட முடியாது" என்று நீ சொல்ல வேண்டும். ஏன் என்பதைச் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன்; ஒரு கத்தரிக்காய் வாங்கின கதையைக்கூட விதையிலிருந்து தொடங்குகிறவள் நான் என்று கேலி செய்கிறவன் நீதானே. அதனால்தான் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய வீடியோவை உன் அப்பாவும் நானும் ஐந்தாறு தடவை பார்த்தோம். அதற்கும் முந்தின ஞாயிறு நீ என்னைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் ஜெர்மனிக்குப் போகிறேன், அங்கே கம்பெனியின் பெரிய ஆபீஸில் உங்கள் வீடியோ கால் ஆப்பில் வரப்போகும் இந்தப் புது வேலைக்கு நான்தான் பொறுப்பு என்று சொன்னாயே, அந்த அழைப்பின் படம் அது. நீ அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் நெட் போய்விட்டது. நாலு நொடி. சாதாரணமாக என்றால் உன் பக்கத்தில் என் முகம் உறைந்து நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்றியிருக்கும். நீ அனுப்பியதில் வட்டமே இல்லை. நீ சொல்வதைக் கேட்கிறேன், தலையை ஆட்டுகிறேன், சிரிக்கிறேன், பிறகு "நல்லது மக்கா" என்கிறேன். கீழே நீ எழுதியிருந்தாய்: "இதுல நாலு செகண்டு மெஷின் வரைஞ்சது. எந்த இடம்ணு கண்டுபிடி பாப்போம்."

அப்பாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பது வருடம் கேமரா பிடித்த மனிதர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எனக்கு முதல் தடவையே தெரிந்துவிட்டது. அந்த முகத்தோடு அந்த நேரத்தில் இருந்தவள் நான்தானே. அந்த நாலு நொடியில் நான் உண்மையில் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியை நீ படிக்க மாட்டாய்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நெட் அறுந்த இடத்தை மெஷினே வரைந்து ஒட்டினால், பார்க்கிறவனுக்கு எது வந்த படம், எது வரைந்த படம் என்று தெரியுமா என்று. நீ சந்தோஷமாகச் சொன்னாய்: "தெரியவே தெரியாது. அதுதானே அம்மா அதுக்க அழகு." ஒரு சின்ன அடையாளமாவது போட மாட்டீர்களா என்றேன். "நானும் கேட்டேன். வேண்டாம்ணு சொல்லுதாவ. அடையாளத்தப் பாத்தா ஆளுவ ஆப் மோசம்ணு நினைப்பாவளாம். வெள்ளிக்கிழமை மீட்டிங்குல முடிவாவும், நீ சும்மா இரு" என்றாய். சும்மா இருக்க முடியவில்லை. அந்த அழகை உனக்கு முன்னாலேயே செய்து பார்த்தவள் நான். உன் மெஷின் எதுவும் இல்லாமல், என் கையால் செய்தேன். அதுவும் ஒரு சாவு வீட்டில்.

நம் ஸ்டுடியோவில் லைவ் தொடங்கிய காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். இந்தப் பக்கம் கல்ஃபில் ஒரு ஆள் இல்லாத வீடு எது? கல்யாணமோ அடக்கமோ, இங்கே நூறு பேர் நின்றால் அங்கே இருபது பேர் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அப்பாவுக்குக் கேமரா, எனக்கு லேப்டாப் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். "படம்ணா கண்ணாடி மாதிரி இருக்கணும். எண்ணெய் வடிஞ்ச மூஞ்சிண்ணா எண்ணெய் தெரியணும்" என்பார். கண்ணாடி மாதிரிப் படத்தை ரப்பர் விளைகளுக்கு நடுவில், ஒரே ஒரு டவரில், அதுவும் பந்தலில் இருக்கிற நூறு பேரும் அதே டவரை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது எப்படி அனுப்புவது? தாலி கட்டும் நேரத்தில் வட்டம் சுற்றும். குவைத்திலிருந்து ஏசுவார்கள். ஏச்சு வாங்குவது நான், கேமராக்காரர் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருப்பார்.

நீதான் எனக்குச் சுருக்குவது என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தாய். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். "அம்மா, சித்தி ஒரு நாள் சீரியல் பாக்காம விட்டா நீ என்ன செய்வே? முழுக் கதையுமா சொல்லுவே? ஆளு யாரு, வீடு எதுண்ணு அவளுக்குத் தெரியும். மாறினத மட்டும் சொல்லுவே இல்லியா? அதுதான் இது" என்றாய். ஒரு முழுப் படம் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு எது அசைந்ததோ அதை மட்டும். சுவரும் கட்டிலும் எங்கேயும் போகாது, அதைத் திரும்பத் திரும்ப எதற்கு அனுப்புவது? இது எனக்கு உடனே புரிந்தது. எது கஷ்டம் என்றும் சொன்னாய். எல்லாம் சேர்ந்து அசைந்தால் கஷ்டம். மழை பெய்தால், அட்சதை தூவினால், ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு அரிசியும் புதுச் செய்தி. நெட்டால் தூக்க முடியாது. "அதுதான் அட்சதை விழுறப்ப பொண்ணும் மாப்பிளையும் கட்டம் கட்டமாட்டு ஆவுதாவ" என்று சொல்லி நாம் இரண்டு பேரும் சிரித்தோம். மழையும் அப்படித்தான் என்று நீ சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நீ நாகர்கோவிலில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது நடந்தது சுயம்புவின் அம்மாவின் அடக்கம். மேட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் இருக்கிற வீடு. மூத்தவர் செல்லத்துரை ஊரில். இளையவன் சுயம்பு சவுதியில். கம்பெனிக்காரன் லீவு தரவில்லை, பாஸ்போர்ட் அவன் கையில். வர வழியே இல்லை. எங்களைக் கூப்பிட்டு வைத்தது செல்லத்துரைதான். "அவனுக்கு முழுசும் காணணும் அக்கா, ஒண்ணையும் விட்டுராதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

இந்தப் பக்கம் இப்போது ஒரு வழக்கம் வந்துவிட்டதல்லவா, வர முடியாத பிள்ளைக்காக முகத்தை மூடும் முன் போனை இறந்தவர் காதில் கொண்டுபோய் வைப்பார்கள். ஸ்பீக்கர் போட மாட்டார்கள். அவன் என்ன சொல்கிறான் என்று யாரும் கேட்கக் கூடாது. நாங்கள்கூடக் கேமராவைக் கொஞ்சம் தள்ளித் திருப்பிவிடுவோம். அதற்காகத்தான் சுயம்பு காலையிலிருந்து காத்திருந்தான். வாய்க்கரிசி போட ஆள் வரிசையாக வந்துகொண்டிருந்தபோது மழை பிடித்தது. படத்தின் பாரமும் கூடியது, டவரும் மெலிந்தது; என் லேப்டாப்பில் அனுப்பும் வேகம் இறங்கி இறங்கிச் சுழியத்தில் நின்றது. அப்பா முற்றத்தில் தொப்பலாக நனைந்தபடி, திண்ணையைப் பார்த்து வைத்த கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். படம் அவருடைய கேமராவில் பதிந்துகொண்டே இருந்தது, வெளியே மட்டும் போகவில்லை. செல்லத்துரை போனை வைத்துக்கொண்டு முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்தார். அழைப்பே போகவில்லை. கால் மணி நேரம் பார்த்தார்கள். பெரியவர்கள் சொன்னார்கள்: "குழியில தண்ணி நிறையுது. இனியும் வச்சிட்டு இருக்காண்டாம், எடுங்கப்பா." செல்லத்துரை கடைசியாக ஒரு தடவை போனைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். முகத்தை மூடினார்கள். எடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து, ஆண்கள் குளிக்கப் போன பிறகு மழை விட்டது. நெட் வந்தது. இங்கேதான் மக்கா நான் அதைச் செய்தேன். அறுந்த இடத்திலிருந்து பதிவை எடுத்து, லைவ் என்ற சிவப்பு எழுத்தை எடுக்காமலே ஓடவிட்டேன். சவுதியில் இருக்கிறவனுக்கு இடையில் ஒரு நீண்ட வட்டம் சுற்றி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த மாதிரி இருக்கும். பாவம், ஒன்றையும் இழக்க வேண்டாமே என்றுதான் நினைத்தேன். நல்ல எண்ணம்தான். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது.

அவன் அம்மாவின் முகம் திரும்பத் திரையில் தெரிந்ததும் கீழே அவன் எழுத ஆரம்பித்தான். "அண்ணா, போன எனக்க அம்மைக்க காதுல வைங்க. ஒரு வார்த்த சொல்லணும்." குளிக்கப் போன செல்லத்துரையின் போன் எங்கேயோ அடித்துக்கொண்டிருந்திருக்கும். மறுபடி எழுதினான். "காதுல வைங்க அண்ணா." மறுபடி, "அண்ணா, மூடாண்டாம், நான் சொல்லிக்கிடுதேன்." நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கை விசைப்பலகை மேலேயே இருந்தது. 'தம்பி, இது பழைய படம், எல்லாம் முடிந்துவிட்டது' என்று எழுத வேண்டும். எழுதினால் நான் செய்தது தெரிந்துவிடும். எழுதவில்லை. பதிவில் முகத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு எழுத்தும் வரவில்லை.

அண்ணன் வேண்டுமென்றே போனை வைக்கவில்லை என்று சுயம்பு முடிவுகட்டிவிட்டான். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. முதல் வருடத் திதிக்கு அவன் கூப்பிடவும் இல்லை. செல்லத்துரை, "மழையில நெட்டு போச்சுடே, நான் என்ன செய்ய" என்று சொன்னாராம். "நானும் படத்தப் பாத்துட்டுத்தானே இருந்தேன், எனக்கா கதை சொல்லுத" என்று இவன் திருப்பிக் கேட்டானாம். ஊர் முழுக்கப் பேச்சு. என் காதிலும் விழுந்தது. இரண்டு வருடம், மக்கா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையே தின்றுகொண்டிருந்தேன். செல்லத்துரை வழியில் பார்த்தால் இன்னும் மரியாதையாக வணக்கம் சொல்வார். எனக்கு எரியும்.

சுயம்பு லீவில் வந்தான். வீட்டுக்குப் போகாமல் மாமனார் வீட்டில் தங்கினான். ஸ்டுடியோவுக்கு வந்து அந்த வீடியோவை ஒரு பென்டிரைவில் கேட்டான். "அக்கா, அன்னிக்கு நான் எழுதினத நீங்க பாத்தியளா?" என்றான். "இல்ல தம்பி, நான் கவனிக்கல்ல" என்றேன். அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். மறுநாள் வந்து வாங்கிக்கொள்வதாகப் போனான். காலேஜ் விடுமுறையில் வீட்டில் இருந்த நீதான் பிரதி எடுத்தாய். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, இந்த ஆளு எழுதினது ஒரு மணிக்கு மேல. படத்துல சுவர்க் கடிகாரம் பன்னெண்டு பத்து காட்டுது. கடிகாரம் ஓடவும் செய்யுது. இது எப்பிடி?" என்றாய். நான் அடுக்களைக்குப் போனேன். நீ பின்னாலேயே வந்தாய். அடுப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னேன்.

நீ கத்துவாய் என்று நினைத்தேன். கத்தவில்லை. நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருந்தால் படித்துக்கொள்: "அறுந்துதுண்ணா அறுந்துதுண்ணு சொல்லணும் அம்மா. நாம ஒட்டிக் குடுத்தா அதுல அவன் அவனுக்க வாழ்க்கைய வச்சிருவான்." பத்தொன்பது வயதுப் பயல் சொன்ன சொல். இன்றைக்கு அதே பயல் கம்பெனியில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒட்டினது தெரியாமல் இருப்பதுதான் அழகு என்கிறான். உனக்கு யார் பாடம் எடுப்பது? பழைய உன்னையே கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டியதாக இருக்கிறது.

மறுநாள் சுயம்பு வருவதற்குக் காத்திராமல் நாம் இரண்டு பேரும் அவன் மாமனார் வீட்டுக்குப் போனோம். வழியில் நான் இரண்டு தடவை திரும்பிப் போய்விடலாம் என்றேன். நீ பைக்கை நிறுத்தவில்லை. அங்கே நான் சொல்லச் சொல்ல அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை. "நின்னு போச்சுண்ணு சொல்லியிருந்தா, நின்னு போச்சேண்ணு அழுதிருப்பேன் அக்கா. அது எனக்க விதிண்ணு போயிருக்கும். நான் எனக்க அண்ணன இல்லியா ஏசினேன்" என்றான். பிறகு எழுந்தான். செருப்பைப் போட்டான். நாம் கொண்டுபோன பென்டிரைவ் மேசை மேலேயே கிடந்தது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக அண்ணன் வீட்டைப் பார்த்து நடந்தான். அந்தப் பென்டிரைவ் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. யாரும் கேட்டு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ நம் லைவை அடியோடு மாற்றினாய். முதலில் குரல், பிறகுதான் படம் என்றாய். நெட் மெலிந்தால் படம் சின்னதாகட்டும், மங்கட்டும், இரண்டு நொடிக்கு ஒரு நிழற்படமாக நிற்கட்டும், குரல் மட்டும் அறக் கூடாது. குரலுக்கு வேண்டியது கொஞ்சம் இடம்தான், அதை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைப் படத்துக்குக் கொடு. இரண்டு கம்பெனி சிம்மைச் சேர்த்துப் போட்டாய், ஒன்று படுத்தால் மற்றது தூக்கும். அப்படியும் அறுந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: 'இணைப்பு அறுந்தது', பக்கத்தில் அறுந்த நேரம். திரும்ப வந்ததும், இடையில் எத்தனை நிமிடம் போனது என்று நான் என் வாயாலேயே சொல்வேன். அப்பா ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. "தண்ணியில கரைச்ச படம்" என்று முணுமுணுத்தார். கறுப்புத் திரை மங்கள காரியத்துக்கு ஆகாது என்று சிலர் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். மஞ்சள் திரை போடலாம் என்றேன், போட்டாய். ஆனால் எழுத்தை எடுக்க நீயும் சம்மதிக்கவில்லை, நானும் சம்மதிக்கவில்லை.

தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த கல்யாணம் நினைவிருக்கிறதா? பெண்ணின் அப்பா தோஹாவில். தாலி கட்டும்போது மேளம் கொட்டி, பெண்கள் எல்லாரும் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் கூப்பிட்டார். "என்ன அக்கா, தாலி கெட்டுதப்ப ஒரு சத்தமும் இல்ல. குரவை போட ஒரு பொம்பளயும் இல்லியா? ஏதாவது சண்டையா?" என்று பதறினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் காது அடைத்துப்போகும் அளவுக்குச் சத்தம். நீ தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாய். நாம் வாங்கிப் போட்டிருந்த புது மென்பொருள், பேச்சு மட்டும்தான் வேண்டியது, மற்றதெல்லாம் இரைச்சல் என்று குரவையைத் துடைத்துவிட்டது. அதை எழுதினவனுக்குக் குரவை தெரியாது. அவன் ஊரில் அது இல்லை. அவன் மேல் குற்றமும் இல்லை. ஆனால் ஒரு தகப்பன் தன் மகள் கல்யாணத்தில் ஏதோ அசம்பாவிதம் என்று நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு உன் மெஷின் வரையப்போகும் முகங்களும் இப்படித்தான் இருக்கும், நீ ஒரு ஆள் அங்கே இருப்பதால் எல்லாம் சரியாகிவிடாது.

உன் பதில் எனக்குத் தெரியும். "அம்மா, நீ பாக்குத எல்லாப் படமும் பாதி ஊகம்தான். சுவர அனுப்பாம விட்டா அங்க இருக்கப்பட்ட போன் அதே சுவர ஊகிச்சுத்தானே காட்டுது?" என்பாய். சரி. சுவரை ஊகிக்கட்டும். நேற்று இருந்த சுவர் இன்றும் இருக்கும். இருந்ததைச் சொல்லாமல் விடுவது ஒன்று; நடக்காததைச் சொல்வது இன்னொன்று. படம் மங்கினால் மங்கல் கண்ணுக்குத் தெரிகிறது, பார்க்கிறவன் 'ஏதோ குறைகிறது' என்று தெரிந்துகொண்டே பார்க்கிறான். வட்டம் சுற்றினால் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கிறான், "என்ன சொன்னே, கேக்கல்ல" என்கிறான். நீ அந்த வட்டத்தை எடுத்துவிட்டால் அவன் எதற்குத் திரும்பக் கூப்பிடப் போகிறான்? என் கையில் அன்றைக்கு இருந்தது நடந்த படமாவது. நேரம்தான் பொய். உன் மெஷினில் நேரம் உண்மை, முகம் பொய். எது மோசம் என்று நீயே சொல்லு.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மெஷின் வரைந்த இடம் வரும்போது ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம். இல்லையென்றால் படத்தை உறையவிட்டுக் குரலை மட்டும் ஓட்டுங்கள், குரலும் இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். இந்த இரண்டில் ஒன்றுக்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால், இதில் என் பெயர் வேண்டாம் என்று சொல். சொன்னால் அந்தப் பொறுப்பு வேறு ஒருவனுக்குப் போகலாம். ஜெர்மனியே இல்லாமல் போகலாம். நீ எவ்வளவு பாடுபட்டு அந்த இடத்துக்கு வந்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். போனால் போகட்டும். அப்பாவிடமும் கேட்டேன். "அவன் செய்யாண்டாம்ணு சொல்லு. அந்த ஆப்ப நம்ம கடையில ஏத்த மாட்டேன்" என்றார். கண்ணாடி மாதிரிப் படம் வேண்டும் என்று உயிரை வாங்கின மனிதர் இதைச் சொல்கிறார்.

இந்த இடத்தில் உனக்கு ஒரு சந்தேகம் வரும். வர வேண்டும், நீ என் மகன். 'அம்மாவுக்கு நான் போவதே பிடிக்கவில்லை, அதற்குத்தான் இந்த நீதி நியாயம் எல்லாம்' என்று தோன்றும். அதனால்தான் அந்த நாலு நொடியை இப்போது சொல்லியாக வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

நீ ஜெர்மனி என்று சொன்னவுடனே என் திரையில் உன் முகம் உறைந்தது. வாய் பாதி திறந்தபடி நின்றது. லைன் போய்விட்டது, நான் பேசுவது எதுவும் இனி உனக்குப் போகாது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடத் தொழிலில் அதுகூடத் தெரியாதா? அந்தத் தைரியத்தில், அசையாமல் நின்ற உன் முகத்தைப் பார்த்து, "போவாண்டாம் மக்கா" என்றேன். ஒரே ஒரு தடவை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். அதற்குள் நீ அசைய ஆரம்பித்துவிட்டாய். "நல்லது மக்கா" என்றேன்.

அந்த இடத்தில்தான் உன் மெஷின் எனக்கு ஒரு சிரிப்பு வரைந்து வைத்திருக்கிறது. நல்ல சிரிப்புதான், என் சிரிப்பு மாதிரியேதான் இருக்கிறது. நான் சும்மா இருந்திருந்தால் நீ அதைப் போனில் வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் அங்கே தனியாக உட்கார்ந்து எடுத்துப் பார்த்து, அம்மா எவ்வளவு சந்தோஷமாக அனுப்பிவைத்தாள் என்று நினைத்துக்கொள்வாய். எனக்கும் அது வசதிதான். சுயம்புவிடம் வாய் மூடி இருந்ததுகூட அப்போது வசதியாகத்தான் இருந்தது.

போகாதே என்று இனி ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டேன். சொன்ன அந்த ஒன்றும் உன்னைத் தடுக்கச் சொன்னதில்லை. வயிற்றிலிருந்து வந்தது, வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அவர்கள் அனுப்பினால் தலை நிமிர்ந்து போ. கம்பளிச் சட்டை இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் நான் சிரித்தேன் என்று நினைத்துக்கொண்டு போகாதே. அந்த வீடியோவை அழித்துவிடு. அந்த நாலு நொடி அறுந்ததாகவே இருக்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் கூப்பிடு. மொட்டைமாடியில் நிற்கிறேன். அங்கே இரண்டு கோடு வரும், பேச அது போதும்.

அம்மா